பக்கத்து வீட்டு மாவும் எங்கள் ஓவன் விளக்கும்

நம் வீட்டு ஓவன் விளக்கை ஒருவருக்கு இரவல் கொடுத்தால், அந்த ஓவனுக்குள் நடப்பவற்றுக்கெல்லாம் நாம் பொறுப்பாவோமா? பொதுக் கொள்கையில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கு, அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு ஜனவரிச் சனிக்கிழமை, மாவு வேகும் வாசனையோடு இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது.

பக்கத்து ஃபிளாட்டில் கானா நாட்டு ஆன்ட்டி ஒருவர் இருக்கிறார். அவருடைய வருங்காலச் சம்பந்தியம்மாள் மறுநாள் ஞாயிறு மதியம் முதன்முறையாகச் சாப்பிட வருவதாக இருந்தது. "இந்தக் குளிரில் கென்கே மாவு எங்கே புளிக்கப்போகிறது? நானே கடையில் வாங்கி வருகிறேன்" என்று அந்த அம்மாள் போனில் சொல்லியிருந்தார். ஆன்ட்டி அதைப் போர் அறிவிப்பாகவே எடுத்துக்கொண்டார். கென்கே என்பது ஊறவைத்த மக்காச்சோளத்தை அரைத்துப் பிசைந்து, புளிக்கவைத்து, சோள மடலில் பொதிந்து வேகவைக்கும் உருண்டை. ஆன்ட்டியின் சமையலறையிலோ மாவு அசையாமல் கிடந்தது. எங்கள் இட்லி மாவு குளிர்காலம் முழுவதும் ஓவன் விளக்கின் வெதுவெதுப்பில்தான் பொங்குகிறது என்று சமூகப் பொறுப்போடு நான்தான் சொன்னேன். அந்த வாரம் வியாழன் மாலையே, எங்கள் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் அவருடைய மாவு எங்கள் ஓவனில் குடியேறியது.

சனிக்கிழமை நண்பகல், பீட்சா சுடுவதற்காக என் கணவர் அந்த ஓவனைச் சூடேற்றினார். வாசனை பிடித்து நான் ஓடிவந்து அணைத்தேன்.

"உள்ள என்ன இருக்குனு பாக்க மாட்டியாப்பா?"

"நம்ம மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கே! அத செக் பண்ணிட்டுதான் ஆன் பண்ணேன்."

விதிமுறைப்படி பார்த்தால் அந்த வாதத்தில் ஒரு குறையும் இல்லை.

"இப்போ ஆன்ட்டிகிட்ட என்ன சொல்றது?"

"பீட்சா சாப்பிடறீங்களானு கேப்போம்."

வேறு மாவு வாங்கிவைத்தால் அது ஏமாற்று. மறைத்தால் ஞாயிறன்று ஆன்ட்டியின் மானம் போகும். ஆகவே மன்னிப்பே சரி என்று முடிவுசெய்து, முன்னுரையும் முடிவுரையும் கொண்ட ஒன்றைத் தயாரித்துக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன். கணவர் ஓவன் கையுறையோடு பாத்திரத்தை ஏந்தி என் பின்னால் நின்றார்.

நான் முன்னுரையில் இருக்கும்போதே ஆன்ட்டி மூடியைத் திறந்து முகர்ந்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். ஓரமெல்லாம் அரைவேக்காடாக இறுகியிருந்தது. நடுவில் மாவு பச்சையாக, நன்றாகப் புளித்திருந்தது. அவர் சிரித்துவிட்டார். கென்கேக்குப் பாதி மாவை முதலில் வேகவைத்துக் கிண்டி, அதோடு மீதிப் பச்சை மாவைச் சேர்த்துப் பிசைவதுதான் வழக்கமாம். "உன் கணவர் என் வேலையை ஆரம்பித்துவிட்டார். அவரே முடிக்கட்டும்" என்று ஒரு நீண்ட மரத்துடுப்பை அவரிடம் நீட்டினார்.

இறுகிய மாவில் தண்ணீர் விட்டு, கட்டி கரையும்வரை கிண்ட வேண்டியிருந்தது. கை மாற்றக்கூட ஆன்ட்டி அனுமதிக்கவில்லை.

"ஏம்மா, என் பீட்சா?"

"நிறுத்தாத, அடிப்பிடிக்கும். கிண்டு."

ஞாயிறன்று சம்பந்தியம்மாள் தாம் வாங்கிவந்த கடைக் கென்கேயைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, ஆன்ட்டியிடம் இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

இப்போது எங்கள் ஓவனில் இரண்டு வீட்டு மாவும் புளிக்கின்றன. அதைச் சூடேற்றும் குமிழைக் கழற்றி நான் என் கைப்பையில் வைத்திருக்கிறேன். என் கணவர் பீட்சாவைக் கடையில் போய்ச் சாப்பிடுகிறார்.