மண்ணில் எழுதினால் கேவலமா, மச்சான்?

இன்று பாடசாலைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் என் மச்சானோடு சண்டை பிடித்தேன்.

வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. அதனால் எல்லாரும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன். (மெதுவாகத்தான் வரும். நான் எழுதப் பழகி இன்னும் ஒரு வருசம்கூட ஆகவில்லை.)

விசயம் இதுதான்.

என் பேத்தி கௌசி நாலாம் வகுப்பு. ஒரு கதையைச் சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வாள். சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாய் கட்டிப்போகும்.

"எழுத்து நிக்க மாட்டேங்குது தாத்தா" என்பாள்.

போன வருசம் அவளைக் கடைசி வாங்குப் பலகையில் உட்காரவைத்து, மக்கு என்று பெயரும் வைத்தார்கள். அதற்கப்புறம் காலையில் சீருடை போட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள்.

இந்த வருசம் கவிதா டீச்சர் வந்தார். வாசிக்கக் கஷ்டப்படும் பிள்ளைகளுக்கு மட்டும், பாடசாலை விட்டபிறகு ஒரு வகுப்பு தொடங்கினார்.

தட்டில் ஆற்று மண்ணைப் பரப்பி, எழுத்தின் சத்தத்தை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவேண்டும். சொல்லைக் கை தட்டிப் பிரிக்கவேண்டும். களிமண்ணில் எழுத்தை உருட்டி, கண்ணை மூடித் தடவி, என்ன எழுத்து என்று சொல்லவேண்டும்.

கௌசியைக் கூட்டிப்போக வந்த நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சும்மாதானே இருக்கீங்க தாத்தா. நீங்களும் ஒரு தட்டு எடுங்க" என்றார் டீச்சர்.

என்னுடையது றப்பர் பால் வெட்டிய கை. பேனாவைப் பிடித்தால் பிடித்த மாதிரியே இருக்காது. மண்ணில் விரலை வைத்து இழுத்தேன். எழுத்து கைக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோசத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கௌசி என்னை வீட்டிலும் விடமாட்டாள். என் முதுகில் விரலால் எழுதுவாள், நான் எழுத்தைச் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு. (ண, ன இரண்டுக்கும் நிறைய வாங்கியிருக்கிறேன்.)

நான் நிவித்திகல ஊருக்குப் போகும் பஸ்ஸின் பலகையை வாசித்தேன். கௌசி பிஸ்கட் பாக்கெட்டையும் கோயில் நோட்டீஸையும் வாசித்தாள். வயிற்று வலி போன இடம் தெரியவில்லை.

அந்த வகுப்பைத்தான் இன்று நிறுத்தினார்கள்.

நிறுத்தச் சொன்னது யார்? என் தங்கச்சி புருஷன். எங்கள் றப்பர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்.

எழும்பி நின்று பாடசாலை அதிபரிடம் சொன்னார்: "சேர், நாங்கதான் மண்ணுலயே கிடந்தோம். எங்க அப்பா அம்மா மண்ணுலயே போய்ச் சேந்தாங்க. எங்க புள்ளைங்களும் மண்ணக் கிண்டவா ஸ்கூலுக்கு அனுப்புறோம்? டவுன்ல கம்ப்யூட்டர் குடுக்குறாங்க. தோட்டத்துப் புள்ளைன்னா மண்ணா?"

எல்லாரும் கை தட்டினார்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

நான் எழும்பினேன். "மச்சான், விஜயதசமிக்கு நம்ம கோயில்ல உங்க பேரன் அரிசியில 'அ' எழுதினானே. விரலாலதானே எழுதினான்?"

"அது சாமி காரியம்."

"அரிசியில எழுதினா சாமி காரியம், மண்ணுல எழுதினா கேவலமா?"

"வயசான காலத்துல நீங்க வெளயாடுங்க மச்சான், வேணாங்கல. புள்ளைங்கள விட்டுருங்க."

"வெளயாட்டா? உங்க பேரன் அன்னைக்கு எழுதினதோட சரி, அந்த அரிசியப் பொங்கித் தின்னுட்டீங்க. எங்க கௌசி தன் பேர எழுதுறா. வந்து பாத்தீங்களா ஒருநாள்?"

பின்னால் சிலர் சிரித்தார்கள். டீச்சர் பேச எழும்பினார். அதிபர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"பெத்தவங்களுக்கு விருப்பமில்லன்னா நான் என்ன செய்ய? இனிமே மண் வேணாம் டீச்சர். பயிற்சிப் புத்தகம் குடுங்க."

எழுத்து நிற்காத பிள்ளைக்குப் பயிற்சிப் புத்தகம். நடக்க முடியாதவனிடம் இன்னொரு சோடிச் செருப்பைக் கொடுக்கிற மாதிரி.

தட்டுகளில் இருந்த மண்ணை வாசலில் கொட்டினார்கள். கௌசி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கிட்ட வந்ததும் சொன்னாள்.

"தாத்தா, நாளைக்கு எனக்கு வயித்து வலி வரும்."

கை தட்டியவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். நாளைக்கு வரப்போகும் வலியை ஒரு பிள்ளை இன்றைக்கே சொல்கிறது. இதற்குத்தானா கை தட்டினீர்கள்?

நான் வீட்டுக்குள் போகவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். மண்ணை அள்ளி, கல் போக அலசினோம்.

இரத்தினபுரிப் பக்கம் ஓடையில் நின்று கூடையில் மண் அலசினால் யாரும் சும்மா போகமாட்டார்கள். மேலே ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. சிங்களத்து ஆள். எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"சீயே, மெனிக் த?" தாத்தா, மாணிக்கமா என்கிறார்.

நான் வாயைத் திறக்குமுன்னே, முழங்கால் தண்ணீரில் நின்ற கௌசி நிமிர்ந்து பதில் சொன்னாள்.

"நே மாமே. அகுரு."

இல்லை மாமா, எழுத்து.

அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். (பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்.)

மண் இப்போது எங்கள் வீட்டுக் காம்பராவுக்கு முன்னால் காய்கிறது. டீச்சரிடம் பேசிவிட்டேன். நாளை பின்நேரம் இங்கேயே வருகிறேன் என்றார். வாசிக்கக் கஷ்டப்படும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அனுப்புங்கள். புத்தகம் வேண்டாம், விரல் போதும்.

மச்சான், இதை உங்க மருமகள் உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்திருக்கிறேன். வாங்க.