ஓரகத்தியின் பென் டிரைவ்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருவண்ணாமலை வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

வீட்டுக் கணக்கை லேப்டாப்பில் ஒரு பட்ஜெட் மென்பொருளில் எழுதும் பழக்கத்தை எங்கள் குடும்பத்தில் ஆரம்பித்தவள் என் ஓரகத்தி. கொழுந்தனாரின் மனைவி, கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாள். பத்து ரூபாய்க்குப் பூ வாங்கினாலும் அவளிடம் கணக்கு இருக்கும் என்று என் வீட்டுக்காரர் வாய் ஓயாமல் புகழ்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குப் போட்டியாகத்தான் நானும் அதே மென்பொருளைப் போட்டுக்கொண்டேன். மேஸ்திரிக்குக் கொடுத்த பணத்தையெல்லாம் அதில் ஏற்றிவிட்டு, துண்டுச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடுவேன். அவள் பில்லை ஃபைலில் கோத்து வைக்கிறவள். நான் அதற்கும் ஒரு படி மேலே என்று காட்ட வேண்டாமா?

பௌர்ணமிதோறும் அவள் கிரிவலத்துக்கு வருவாள். வரும்போது தன் கணக்கின் பேக்கப்பை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, போன மாதம் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவாள். லேப்டாப்பும் நகலும் ஒரே வீட்டில் இருந்தால் திருடன் இரண்டையும் கொண்டுபோய்விடுவானாம். இந்த யோசனையையும் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு அதுவும் எரிச்சல்.

ஆவணிப் பௌர்ணமிக்குப் புதுப் பட்டுப்புடவையில் வந்தாள். அந்தப் புடவை என் கண்ணிலேயே நின்றது. என்ன விலை, காசு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் மத்தியானம் அவளுடைய பென் டிரைவை என் லேப்டாப்பில் செருகினேன். மென்பொருள் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டது. படிக்காமலே இரண்டு தடவை ஓகே கொடுத்தேன். அவள் கணக்கு விரிந்தது. நாலு மாதமாக வரவைவிடச் செலவு ஜாஸ்தி. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு குளிர்ந்தது. புடவையைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

மூடிவிட்டு என் கணக்கைத் திறந்தேன். திரும்பவும் அவளுடையதே வந்தது. என்னுடையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் அவளுடையதை வைக்கத்தான் நான் ஓகே கொடுத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரிக்குக் கடைசிக் கணக்கு முடிக்க வேண்டும். கையில் ஒரு சீட்டும் இல்லை. அவர் சொன்னதைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. என் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது?

வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் செய்தேன். என் கணக்கு தானாகவே அழிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். திரையில் மேலே என்ன பெயர் இருக்கிறது என்று கேட்டாள். அவள் வீட்டுப் பெயரைத்தான் நான் படிக்க வேண்டியிருந்தது.

"எதையும் தொடாதீங்கக்கா. காலையில மொத பஸ்ல வந்துடறேன்" என்றாள்.

சொன்னபடியே வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்தாள். பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கியது. சித்திரையில் அவள் வற்புறுத்தியதால் ஒரே ஒரு தடவை என் பேக்கப்பையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தேன். திறந்து பார்ப்பாளோ என்ற சந்தேகத்தில் கவரைச் சுற்றி ஐந்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தேன். ஐந்தும் அடித்தபடியே இருந்தன.

சித்திரை வரைக்குமான கணக்கு திரும்பி வந்தது. அதற்குப் பிந்திய மாதங்களுக்கு மேஸ்திரியின் நோட்டுதான் பேசியது. அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

அவளுடைய கணக்கை நான் பார்த்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நானாகத்தான், "பாத்துட்டேன்மா, தப்புதான்" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். புறப்படும்போது அவளுடைய பென் டிரைவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"அடுத்த பௌர்ணமி வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டுங்க்கா" என்றாள். கவரும் போடவில்லை, பின்னும் அடிக்கவில்லை.

அவளுடைய கணக்கு வழக்கையோ புடவையையோ பார்த்து இப்போது எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் எல்லாம் தெரிந்த பிறகும் அந்தப் பென் டிரைவை என் கையிலேயே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வந்ததே, அந்த மனசைப் பார்த்துத்தான் இன்றுவரை பொறாமைப்படுகிறேன்.