அடைப்புக்குறிக்குள் இருந்த ஒன்பது

சாரல் காலத்தில் சாக்பீஸுக்குக்கூட ஈரம் ஏறிவிடும். கரும்பலகையில் வைத்தால் எழுதாமல் கீச்சென்று வழுக்கும். குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கிவிட்டால், தென்காசியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் தாவணி, நோட்டு, பெஞ்சு எல்லாமே ஈரத்தில் நமுத்துப் போய் ஒரு வாடை அடிக்கும். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அந்த ஜூன் மாதத்தை நினைத்தால் முதலில் வருவது அந்த வாடை, அதன் பின்னாலேயே வருவது வெட்கம்.

கணக்குக் குரூப்பில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது. கேட்டவர்கள் இருவர்: நானும், குத்துக்கல்வலசையிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வரும் எஸ்தரும். மார்க்கும் ஒன்றாக இருந்ததால், மறுநாள் போர்டில் ஒரு கணக்குக் கொடுப்பேன், சரியாகப் போடுகிறவளுக்கு இடம் என்று கணக்கு டீச்சர் சொல்லிவிட்டார். இருபடிக் கோவையை வர்க்கப் பூர்த்தி செய்து, அதன் வளைவு திரும்பும் முனை எங்கே என்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் அதை நடத்திய வாரம் எஸ்தர் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நோட்டை நீட்டினாள். நடுவில் இருக்கும் எண்ணில் பாதி, அதன் வர்க்கம், அதைக் கூட்டு, அதையே கழி என்று பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு கணக்குப் போட்டதும் பிடித்துக்கொண்டாள். அவள் என்னைவிடச் சூட்டிகை. அதுவே எனக்குப் பயமாகிவிட்டது. அப்போதுதான் கேட்டாள், "ஏட்டி, எக்ஸ் ஸ்கொயருக்கு முன்னால ரெண்டு நின்னா?"

இரண்டை வெளியே எடுத்துவிட்டால், அடைப்புக்குறிக்குள் கூட்டியது ஒன்பது என்றால் அதை வெளியில் பதினெட்டாகக் கழிக்க வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"அதுவும் இப்படித்தாம்ட்டி. உள்ள கூட்டுனத அப்படியே வெளிய கழிச்சிரு" என்றேன்.

மறுநாள் போர்டில் வந்தது 2x² − 12x + 23. ஆளுக்கொரு பக்கம் நின்று எழுதினோம். அவள் ஒன்பதைக் கழித்து முனை (3, 14) என்று முடித்தாள். நான் (3, 5). டீச்சர் அவள் விடையை ஒரே இழுப்பில் அழித்துவிட்டுக் காமர்ஸுக்குப் போகச் சொன்னார். யார் சொல்லித்தந்தது என்று எஸ்தர் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும், "நீ சரியாத்தான் சொல்லியிருப்ப, எனக்குத்தான் மண்டையில ஏறல" என்றாள். நானும் தலையாட்டினேன். அந்த இடத்தில் உட்கார்ந்து படித்துத்தான் இன்று இன்ஜினியராக இருக்கிறேன்.

போன வருஷம் சீசனுக்குப் போனபோது பள்ளிக்கூடத்தில் கரும்பலகை போய் டிஜிட்டல் திரை வந்திருந்தது; பஸ் போகும் வழியில் வயலே இல்லை, வரிசையாக வீடுகள். அதில் ஒரு வீடு எஸ்தருடையது. காபி கொடுத்தாள். மகள் பத்தாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியிருந்தாள். எந்தக் குரூப் என்று கேட்டேன்.

"எங்க வம்சத்துக்கே கணக்கு வராதுலா. அன்னைக்குப் போர்டுலயே பாத்துட்டனே. அதான் இவளக் காமர்ஸ்ல போட்டுட்டேன்" என்றாள் எஸ்தர். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

இத்தனை வருஷம் கழித்து வாய் திறந்துவிட்டது: "உனக்கு வராம இல்ல எஸ்தர். அன்னைக்கு நான் வேணும்னேதான் தப்பாச் சொல்லித்தந்தேன்."

எஸ்தர் சிரித்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியாட்டி," என்று மகளிடம் திரும்பினாள், "என் மனசு நோகக் கூடாதுன்னு சித்தி இப்பவும் பழியத் தன் மேல போட்டுக்கிடுதா."

குரூப் மாற்ற இன்னும் ஒரு வாரம் இருந்தது. இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். என் கையைப் பிடித்திருந்த அவள் கை விலகிவிடுமே என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இப்போது காமர்ஸ்தான் படிக்கிறது.