நெய்ச்சோற்றுப் பாட்டு

உம்மு குல்தூமுக்கு இரண்டு தொழில். விடியற்காலையில் வெங்காயம் பிடுங்குவாள். வெயில் ஏறியதும் கைகால் கழுவிக்கொண்டு, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் போவாள். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கிய வருடமே வெங்காயத் தோட்டத்துக்குப் போகத் தொடங்கிவிட்டாள். நோயாளி பார்ப்பதை, வேலைக்குப் போன குவைத்தில் ஒரு கிழவியைக் கவனித்துப் பழகினாள். ஊர் திரும்பிய பிறகு புத்தளத்தில் முறையாகப் படித்துச் சான்றிதழும் வாங்கினாள்.

பாட்டு அவளுக்குத் தொழில் அல்ல. குனிந்து பிடுங்கினால் இடுப்பு வலிக்கும், பாடினால் அந்த வலி கொஞ்சம் மறக்கும். அதற்காகப் பாடினாள். ஆனால் அவளுடைய வரிசையில் நிற்பதற்குப் பெண்கள் சண்டை பிடித்தார்கள். நோன்பு காலத்தில் ஏழைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு அதைப் போட்டோ பிடிப்பவரை அவள் பாடினாள். ஐந்து வேளை தொழுது, அதற்கு நடுவில் ஐந்து தரம் மருமகளை ஏசும் மாமியைப் பாடினாள். எல்லோரும் சிரித்தார்கள், யாரும் கோபிக்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுக்காரரைத்தான் பாடுகிறாள் என்று நினைத்தார்கள்.

அந்தப் போகத்தில் அவள் புதிதாக ஒன்று பாடினாள்.

படுக்கையிலே கிடந்தேன் நான், பார்த்துப் போக ஆளில்லை,
பக்கம் திருப்பிப் போடவொரு பத்து விரல் வாய்க்கவில்லை,
நாற்பதாம் நாள் கத்தமெண்டா நாலு ஊரும் கூடுது,
மவுத்தான பின்னேதானா மணக்குமெனக்கு நெய்ச்சோறு.

பக்கத்து வரிசையில் பிடுங்கிக்கொண்டிருந்த கத்தோலிக்கப் பெண் யூஜினி கையைத் துடைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள். "எங்கட முப்பத்தோராம் நாளும் இதே கதைதான். மாமியை உயிரோட பார்க்க வராதவன் எல்லாம் பூசைக்கு முதல் வாங்கில் இருந்தான். இன்னொருக்கா பாடுங்க அக்கா, இத்தாலியில மகளுக்கு அனுப்பப் போறன்."

இத்தாலிக்குப் போன பாட்டு மறுநாளே கற்பிட்டிக்குத் திரும்பி வந்தது. வந்த பாட்டை ஊர் இரண்டாகப் பிரிந்து கேட்டது. இறந்தவர்களுக்குக் கத்தம் ஓதிச் சோறு போடுவது மார்க்கத்தில் இல்லை என்பவர்கள் புதுப் பள்ளிக்காரர்கள். அவர்கள் அதை ஆளுக்கு ஆள் அனுப்பினார்கள். பெரிய பள்ளிக்காரர்கள், ஒரு பொம்பிளை மார்க்கத்தைக் கேலி செய்துவிட்டாள் என்றார்கள். குல்தூமிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜெமீல் ஹாஜியார் மட்டும் ஆள் அனுப்பினார். இனி வீட்டுக்கு வரவேண்டாம் என்றார்.

அவருடைய உம்மா சித்தி ஸுலைஹா பாரிசவாதத்தில் விழுந்து ஒரு பக்கம் அசையாமல் கிடந்தார். பேச்சு மட்டும் கெடவில்லை. குல்தூம் அந்த வீட்டில் வேலை செய்வது ஊருக்கே தெரியும். ஹாஜியார் தன் வாப்பாவின் வருடக் கத்தத்தை அந்த மாதம்தான் முற்றம் நிறைய, பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சகன் தட்டுகளை வைத்து நடத்தியிருந்தார். ஆகவே பாட்டு அவர் வீட்டைப் பற்றியதுதான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

முதல் மூன்று அடிகளும் வேறொரு வீடு. அங்கே குல்தூம் போய்ச் சேர்ந்தபோது கிழவியின் முதுகுப் புண் எலும்புவரை போயிருந்தது. நாலாவது அடி உண்மையாகவே இந்த வீட்டுடையது. அதைக் கட்டியவர் ஸுலைஹா உம்மா. கத்தத்தன்று முற்றத்தில் நெய்ச்சோறு மணக்க, அறைக்குள் அவருக்கு வழக்கமான கஞ்சி வந்தது. குல்தூம் மூன்று அடிகளை முணுமுணுத்தபடி அவரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கிழவி மூக்கை உறிஞ்சிவிட்டு நாலாவதைச் சொன்னார். இருவரும் கட்டில் குலுங்கச் சிரித்தார்கள்.

ஹாஜியாரிடம் இதைச் சொல்லியிருந்தால் அவள் தப்பியிருப்பாள். சொல்லவில்லை. படுக்கையில் கிடப்பவர் சொன்னதை அவருடைய பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுப்பவளுக்கு அடுத்த வீட்டில் என்ன மரியாதை? அதோடு, வள்ளத்தில் வந்து இறங்கியவர்களைத் தங்கள் தென்னந்தோட்டத்தில் இருத்தி, முதல் சாப்பாட்டைச் சகனில் வைத்தவர் ஸுலைஹா உம்மாதான். அவருக்கும் மகனுக்கும் நடுவில் ஒரு பாட்டைக் கொண்டுபோய்ப் போட அவளுக்கு மனமில்லை.

அவளுடைய கவலை ஒன்றே ஒன்று, ஸுலைஹா உம்மாவின் முதுகு. ஹாஜியாரின் மனைவி முஃபீதா நல்ல பிள்ளை, ஆனால் ஒற்றை ஆள். தூக்கமுடியாமல் இழுப்பாள். இழுத்தால் தோல் விரிப்பில் உரசும். உரசிய இடம் புண்ணாகும்.

நாலைந்து நாள் போனது. அஸர் தொழுகைக்குப் பிறகு முஃபீதா ஃபோனில் இரகசியமாகப் பேசினாள்.

"ராத்தா, மாமிட முதுகுக்குக் கீழ செவந்திருக்கு. கஞ்சியும் குடிக்கிறாங்க இல்ல. குசினிப் பக்கமா வாங்களேன்."

குல்தூம் பின்வாசலில் நுழைந்து குசினி வழியாகப் போனாள். முன் மண்டபத்தில் ஆண்களின் பேச்சு கேட்டது. பெரிய பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் லத்தீப்பும், புதுப் பள்ளிக்குப் போகும் அர்கமும் வந்திருந்தார்கள். அர்கம் முஃபீதாவின் தம்பி.

"கத்தத்தையே கேலி பண்ணியிருக்கா. குர்ஆன் ஓதுறது அவவுக்கு விளையாட்டா?" என்றார் லத்தீப்.

"ஓதுறதப் பத்தி எங்க இருக்கு? சோத்தத்தானே பாடியிருக்கா. நாங்க வருசக்கணக்கா செல்றத அந்த ராத்தா நாலு அடியில செல்லிட்டா."

"அப்ப அவ உங்கட பள்ளியா?"

"எங்கட பள்ளியில பொம்பிளைங்க பாடுறதும் கூடாது."

"பொறகு ஏன்டா ஊரெல்லாம் அனுப்பினீங்க?"

"நீங்க எத்தன தரம் கேட்டீங்க லத்தீப் நானா? வரி வரியாச் செல்றீங்களே."

"ஆராயிறதுக்குக் கேட்டேன்."

"ராகத்தோட ஆராய்ஞ்சிருக்கீங்க."

ஜெமீல் ஹாஜியார் சிரிக்கவில்லை. "எனக்கு உங்கட ரெண்டு பள்ளிச் சண்டையும் வேணாம். என்ட உம்மாவப் பார்க்க ஆளில்லையாம். அதக் கேட்டுக்கிட்டு நான் எப்பிடிக் கடைத்தெருவுக்குப் போற?"

அறைக்குள் குல்தூம் சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் வெளுக்கவில்லை, புண் தொடங்குகிற குறி அது. ஆனால் தோல் உடையவில்லை. நேரத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"எங்க போய்ட்ட புள்ள?" என்றார் ஸுலைஹா உம்மா.

"இங்கதான் சாச்சி. ஏன் கஞ்சி குடிக்கல்ல?"

"நீ வரட்டுமெண்டு." கிழவி மண்டபத்துப் பேச்சுக்குக் காது கொடுத்தார். "என்னத்துக்குச் சத்தம் போடுறானுகள்?"

"ஒரு பாட்டுக்கு."

"நம்மட பாட்டா?"

குல்தூம் தலையணையைச் சரிசெய்தாள். முஃபீதாதான், "ஓம் மாமி. குல்தூம் ராத்தா மாமாட கத்தத்தக் கேலி பண்ணினதாம், அதுதான் வர வேணாமெண்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஸுலைஹா உம்மாவுக்கு உடம்பில் பாதிதான் வேலை செய்தது. குரல் முழுதாக இருந்தது. அந்தக் குரலை எடுத்து நாலாவது அடியைப் பாடினார். இரண்டாம் தரமும் பாடினார், கூடுதல் ராகத்தோடு.

ஹாஜியார் வாசலில் வந்து நின்றார்.

"என்ன உம்மா இது?"

"என்ட அடி. அவ மூணு கட்டினா, நான் ஒண்டு கட்டினேன். இதுக்கா புள்ளய வராதெண்ட?"

ஹாஜியார் குல்தூமைப் பார்த்தார். "நான் வர வேணாமெண்டு செல்லியிருந்தேனே."

"செல்லினீங்க. சாச்சிட முதுகுக்கு அது தெரியல்ல" என்றாள் குல்தூம். "நீங்க வந்ததும் நல்லது. முஃபீதாவால ஒத்தையாத் தூக்க ஏலாது. அந்த விரிப்புட நுனியச் சுருட்டிப் பிடிங்க. இழுக்கப்படாது, தூக்கணும்."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிடித்தார். இருவரும் தூக்கித் திருப்பினார்கள். உம்மாவின் பாரம் இவ்வளவுதானா என்பதுபோல ஹாஜியார் தன் கையைப் பார்த்தார். பிறகு, கதிரை இருந்தும், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அப்ப உங்களுக்குக் கத்தம் ஓதவேணாமா உம்மா?"

"ஏன் வேணாம்? ஓது. சோறும் போடு, ஊரைப் பட்டினி போடாத. வாப்பாட கத்தத்தண்டு எனக்கும் ஒரு புடி குடுத்திருக்கலாம், அதுதான் என்ட வழக்கு."

"டொக்டர் கஞ்சிதானே உம்மா செல்லியிருக்காரு."

"குழையாச் சமைச்சா நெய்ச்சோறும் கஞ்சிதான்," என்றார் கிழவி.

குல்தூம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. முழுங்க எது வரும், எது வராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குழைய வேகவைத்து மசித்தால் கொஞ்சம் கொடுக்கலாம். இறைச்சித் துண்டு கூடாது, குழம்பு மட்டும். தலையை நன்றாக உயர்த்தியிருக்க வேண்டும். ஹாஜியார் ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அறைக்குள் ஒரு சகன் வந்தது. பாயை விரித்து முஃபீதாவும் குல்தூமும் உட்கார்ந்தார்கள். யூஜினியையும் கூப்பிட்டிருந்தார்கள். சகனின் ஒரு ஓரத்தில் குழையச் சமைத்த சோறு தனியாக இருந்தது. அதை ஹாஜியார் தானே மசித்து, சாய்த்து உட்காரவைத்த உம்மாவுக்கு ஊட்டினார். நாலு வாய்க்கு மேல் அவர் வாங்கவில்லை. ஐந்தாவதை மகனைத் தின்னச் சொன்னார்.

மண்டபத்தில் லத்தீப்பும் அர்கமும் இன்னொரு சகனில் இருந்தார்கள். இது யாருக்கும் ஓதிய சோறில்லை என்பதால் அர்கமும் நன்றாகச் சாப்பிட்டான். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"நாலாவது அடி உம்மாட, அத விடுவம். மூணாவது அடி என்ன? 'நாலு ஊரும் கூடுது' எண்டா அது கேலிதானே?" என்றார் லத்தீப்.

"கூடினது பொய்யா நானா?"

"இது இண்டைக்கி முடியாது," என்றாள் யூஜினி, சோற்றை உருட்டியபடி.

"அவங்களுக்கு நேரம் கிடக்கு," என்றாள் குல்தூம். எழுந்து போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். சாப்பிட்ட உடனே படுக்கவைக்கக் கூடாது, இன்னும் கொஞ்ச நேரம் சாய்ந்திருக்கட்டும். ஹாஜியாரும் கை கழுவிவிட்டு, விரிப்பின் நுனியைத் தேடிப் பிடித்துக்கொண்டு அவள் சொல்லும்வரை காத்திருந்தார்.

"இப்ப இடது பக்கம்," என்றாள் குல்தூம்.