கனியக்காவின் ஆள்காட்டி விரல்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போகிறவன் நான். பனியன் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிற வேலை. ஒன்று நடந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், வயர் கழன்றிருக்கும், இல்லையென்றால் எவனாவது எதையாவது அமுக்கியிருப்பான், அவ்வளவுதான் என் நம்பிக்கை. இதைச் சொன்னால் நீங்கள் சிரிக்கலாம், என் மனைவியே சிரித்தாள். ஆனாலும் நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேன்.

எங்கள் சாயப்பட்டறையில் இசக்கிமுத்து என்று ஒருவர், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வருடக்கணக்காகச் சாயத்திலும் சோடாவிலும் கை வைத்து அவர் விரல்களில் ரேகையே இல்லாமல் போய்விட்டது. வருகை போடுகிற கைரேகை மிஷின் அவரை ஓர் ஆளாகவே மதிக்காது. இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வைத்தியம் உண்டு, கூட வேலை பார்க்கிற சொந்தக்காரர் யாருடைய விரலையாவது அவர் நம்பரில் ஏற்றிவிடுவோம். இசக்கி அண்ணன் நம்பரில் நான் ஏற்றியது அவர் மனைவி செல்லக்கனியின் வலது கை ஆள்காட்டி விரலை.

கனியக்கா அதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். காலையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் வருவார்கள். அக்கா முதலில் முந்தானையால் மிஷினின் கண்ணாடியைத் துடைப்பார், பஞ்சு பறக்கிற இடமாயிற்றே, துடைக்காமல் வைத்தால் எடுக்காது. பிறகு தன் நம்பருக்குக் கட்டைவிரல், புருஷன் நம்பருக்கு ஆள்காட்டி விரல். மிஷின் ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் குரலில் "தேங்க் யூ" என்று சொல்லும். அக்கா அதற்கும் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். பின்னால் நிற்கிற வரிசையே சிரிக்கும், அண்ணன் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார்.

ஓர் ஆடி மாதத்தில் காய்ச்சல் என்று படுத்த கனியக்கா எழுந்திருக்கவே இல்லை. ஊரில் காரியம் முடித்துத் திரும்பிய அண்ணன் மிஷின் முன்னால் வந்து சும்மா நின்றார். அவருக்கு இங்கே வேறு சொந்தக்காரர் யாரும் இல்லை, அன்றிலிருந்து அவர் வருகையை நானே கையால் போட்டுவிடுவேன்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வருகைக் கணக்கு வைக்கிற டேட்டாபேஸை மாற்ற வேண்டி வந்தது. பழையது ரொம்பப் பழையது, அதை இனிமேல் பார்க்க முடியாது என்று விற்றவர்களே கைவிரித்துவிட்டார்கள். புதிய வெர்ஷனில் கையால் வருகை போடுகிற வசதி கிடையாது. மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்.

"கையில போடற கதையெல்லாம் இனி ஆகாதுங்க. துணி வாங்கற பையருங்க ஆடிட்டுக்கு வந்தா கேள்வி வருமுங்க. வெரல் எடுக்காதவங்கள நிறுத்தித்தான் ஆகோணும், வேற வழி இல்லீங்க."

சனிக்கிழமை அண்ணனின் பத்து விரலையும் புதிய சாஃப்ட்வேரில் வைத்துப் பார்த்தோம். எண்ணெய் தடவி, ஈரத்துணியில் துடைத்து, சூடு பறக்கத் தேய்த்து எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் எடுக்கவில்லை.

"விடுங்க சார், நீங்க என்ன செய்விய. மவ நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருசம் கெடக்கு, அதாம் யோசனையா இருக்கு" என்றார். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி, "பழசுல அவ வெரலு இருக்குல்லா சார், அதுவும் போயிருமா?" என்று கேட்டார்.

"புதுசுல ஏத்த முடியுதான்னு பாக்கறனுங்கண்ணா" என்றேன். முடியும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

மறுநாள் ஞாயிறு, கம்பெனி லீவு. பட்டப்பகலில் நான் மட்டும் உட்கார்ந்து மாற்றினேன். பெயர்கள் வந்தன, சம்பளம் வந்தது, தேதியும் மாதமும் இடம் மாறிப் பாதிப் பேர் இனி வரப்போகிற நாளில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள், அதையும் சரிசெய்தேன். கைரேகைகள் மட்டும் வரவில்லை. பழைய வடிவம், ஏற்க முடியாது என்று திரும்பத் திரும்ப அதே செய்தி. விற்றவர்களுக்குப் போன் செய்தால், அதை மாற்றவே முடியாது, எல்லாருக்கும் புதிதாக எடுங்கள் என்றார்கள். வேறு வழியில்லாமல் மிஷினுக்குள் இருந்ததையும் சுத்தமாக அழித்தேன். ரேகைகள் இருக்க வேண்டிய இடம் காலி, கனியக்கா விரலும் அதோடு போயிற்று. இரண்டாவது தடவை செத்துப்போனார் என்று தோன்றி, உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன்.

அப்போதுதான் வெளியே வராந்தாவில் மிஷின் "தேங்க் யூ" என்றது.

வாட்ச்மேனாக இருக்கும் என்று போய்ப் பார்த்தேன். அவர் வெளியே கறிக்கடைக்குப் போயிருந்தார், கேட்டில் பூட்டுத் தொங்கியது. மிஷின் மேல் ஒரு வாரப் பஞ்சு வெள்ளையாகப் படிந்திருந்தது, விரல் வைக்கிற கண்ணாடி மட்டும் இப்போதுதான் துடைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. ஓடிவந்து கம்ப்யூட்டரைப் பார்த்தால் ஒரே ஒரு பதிவு. இசக்கிமுத்து நம்பர், வலது கை ஆள்காட்டி விரல். ரேகைப் பக்கத்தைத் திறந்தேன், அது இன்னும் காலியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை எல்லாரும் வரிசையில் நின்று புதிதாக ரேகை கொடுத்தார்கள். கடைசியில் அண்ணன் வந்தார், ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுக்கக் கையில் வைத்திருந்தார்.

"ஒரு தடவ வெச்சுப் பாருங்கண்ணா" என்றேன்.

"அதாம் எடுக்கலியே சார்."

"எனக்காக வைங்கண்ணா."

துண்டால் கண்ணாடியைத் துடைக்கப் போனவர், அது சுத்தமாக இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ரேகையே இல்லாத அந்த விரலை மெதுவாக வைத்தார். "தேங்க் யூ" என்றது மிஷின். அண்ணன் வாய்க்குள்ளேயே "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார், சொல்லி முடிக்குமுன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"பழச ஏத்திட்டியளா சார்?"

"ஆமாங்கண்ணா" என்றேன். வேறு என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

கம்பெனியில் மேனேஜரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எடுத்துருச்சில்லீங்க, அப்பறம் என்னங்க, உடுங்க" என்று எழுந்து போய்விட்டார். அண்ணன் வேலையில் நீடித்தார், மகள் படிப்பையும் முடித்துவிட்டாள்.

இப்போது முகம் பார்த்து வருகை போடுகிற மிஷின் வந்துவிட்டது, அண்ணனுக்கு விரல் தேவையில்லை. பழைய மிஷினைக் கழற்றினேன், எடைக்குப் போடச் சொன்னார்கள், எனக்கு மனசு வரவில்லை. என் அறையில் மேஜைக்குப் பின்னால் அலமாரிமேல் வைத்திருக்கிறேன். வயர் கிடையாது, கரண்ட் கிடையாது. அலமாரி முழுக்கப் பஞ்சு படிகிறது, மிஷின் மேலும் படிகிறது. கண்ணாடி மட்டும் தினமும் காலையில் பளிச்சென்று இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு அண்ணன் ஊருக்குப் போயிருந்த நாட்களில் மட்டும் அதிலும் பஞ்சு படிந்தது, அவர் திரும்பி வந்த அன்று காலையில் பார்த்தால் மறுபடியும் சுத்தம்.

அந்த அறைச் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் ஒரு நாளும் அதைத் துடைத்ததில்லை.