அலமாரிக்கு அடியில் ஒரு இன்டர்வியூ

நேற்று எங்கள் ஆபீஸ் லிஃப்ட் பழுது. சரிசெய்ய வந்தவர் கதவைத் திறந்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். படியேறப் போன என் மூக்கில் கிரீஸ் வாசனை ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். சிரிக்காதீர்கள். மற்றவர்களுக்கு மல்லிகையோ மழையோ எதையாவது ஞாபகப்படுத்தும். எனக்கு கிரீஸ்தான், அதுவும் பயத்தோடு. என் முதல் இன்டர்வியூ பீன்யா தொழிற்பேட்டையில் அந்த வாசனைக்கு நடுவில்தான் நடந்தது.

வாணியம்பாடியிலிருந்து டிப்ளமோ சர்டிபிகேட்டோடு வந்திருந்தேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் அப்பா போகிற டேனரிக்கே நானும் போவது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டிப் புரட்டி அப்பாவின் விரல்களெல்லாம் வெடித்திருக்கும். ரசம் பட்டால் எரிகிறதென்று சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிடுவார். அந்த ஸ்பூன்தான் எனக்குப் பயம். பஸ் ஏற்றிவிடும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "போற எடத்துல எதையும் தொடாத. அதிகப்பிரசங்கி மாதிரி கேள்வி கேக்காத."

தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு செய்கிற சின்னக் கம்பெனி அது. வாசல் பெஞ்சு நிறைய நம் பக்கத்துப் பிள்ளைகள். உள்ளே போய்வந்த ஓசூர்க்காரன் ஒருவன் கிசுகிசுத்தான்: "டேபிள் மேல ஒரு வால்வு இருக்குது மச்சி. நம்மள தனியா உக்கார வெச்சுட்டுப் போயிடுறாங்க. தொட்டுத் தொலைக்காத. ஒழுக்கம் பாக்குறாங்க." பெஞ்சே தலையாட்டியது. பக்கத்திலிருந்தவன் கையைக் கட்டி ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டான்.

என்னை உள்ளே கூப்பிட்டது அங்கே மேனேஜராக இருந்த கன்னடக்கார அம்மா. நன்றாகத் தமிழ் பேசினார். "கூத்கோளி, இப்ப வந்துடறேன்" என்று நாற்காலியைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். பட்டறை ஓசையில் மேஜை அதிர்ந்தது. அதிர்ந்த மேஜையில் அந்தப் பித்தளை வால்வுக்குள் ஏதோ கடகடவென்று ஆடியது. கைகளைத் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டேன். அப்பாவை நினைத்தேன், பிள்ளையாரை நினைத்தேன். பாழாய்ப்போன சத்தம் விட்டால்தானே! உள்ளே என்னதான் ஆடுகிறது? எடுத்துக் குலுக்கினேன். மூடியை லேசாகத்தான் திருகினேன், சத்தியமாக. உள்ளே இருந்த ஸ்பிரிங் துள்ளி எகிறி இரும்பு அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

போச்சு, எல்லாம் போச்சு. வெள்ளைச் சட்டையோடு தரையில் குப்புறப் படுத்து அலமாரிக்கடியில் கையை விட்டுத் துழாவினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் கதவு திறந்தது.

"ஏன்ரீ இது? கீழ என்ன பண்றீங்க?"

"தானா கழண்டுடுச்சு மேடம்."

புடவையைச் செருகிக்கொண்டு அந்தம்மாவும் மண்டியிட்டார். எங்கள் இருவர் தலையும் அலமாரிக்கு அடியில். ஸ்பிரிங் கையில் அகப்பட்டதும், அமுக்கிப் பார்த்த நான் இருக்கிற இடத்தை மறந்துபோனேன்.

"மேடம், இது இவ்ளோ லேசா இருக்குதே. தண்ணி திரும்பி வந்தா எப்படித் தாங்கும்?"

"ஸ்பிரிங் எங்க தாங்குது? திரும்பி வர்ற தண்ணியே தள்ளி மூடிக்கும்."

"அப்போ ஸ்பிரிங் எதுக்கு?"

கேட்ட பிறகுதான் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. மேடம் தலையை வெளியே எடுத்து ஒட்டடையைத் தட்டிவிட்டு, "திங்கக்கிழமை வந்து தெரிஞ்சுக்கோங்க" என்றார். வேலை கிடைத்துவிட்டதென்று புரிய எனக்குத் திரும்பும் பஸ்ஸில் யஷ்வந்தபுரம் வரைக்கும் ஆனது.

இன்று அந்த இடத்தில் யாரோ பார்சல் குடோன் வைத்திருக்கிறார்கள். ஆளைப் பொருளோடு தனியாக விட்டுவிட்டுப் போகிற இன்டர்வியூவும் இப்போது இல்லை. எல்லாம் கம்ப்யூட்டர் திரையில். நான் கேள்வி கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்துகொள்ளும் ஆர்வத்துக்குத் தனியாக மார்க் போடச் சொல்கிறார்கள். அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் எல்லோரும் கடைசியில் அழகாக இரண்டு கேள்வி கேட்கிறார்கள். எது நிஜம் என்று எனக்குத் தெரிவதில்லை. பேசாமல் நல்ல மார்க் போட்டுவிடுகிறேன்.

போன வாரம் ஆரணியிலிருந்து ஒரு பெண். கேள்விகளுக்குத் திக்கித் திக்கிப் பதில் சொன்னாள். "ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றேன். "இல்ல சார்" என்றாள். பயந்திருந்தாள். பேசும்போதெல்லாம் திரைக்குக் கீழே அவள் இரண்டு கைகளும் எதையோ கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தன. தோள் அசைவதில் தெரிந்தது. அடுத்த ஆள் காத்திருப்பதாகத் திரையில் காட்டியது. ஆர்வத்துக்குப் பூஜ்யம் போட்டு மூடினேன். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை, பயமாக இருக்கிறது. கையில் என்னம்மா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.