கார்த்திகைக் கிணறு

இடைசெவலில் ஐப்பசி மழைக்குக் கிணறு நிறைந்துவிட்டால், சொர்ணத்தாய் விடிந்ததும் நீந்தப் போய்விடுவாள். கார்த்திகைக் குளிருக்கும் அசையாத பிடிவாதக்காரி. கல்யாணமான புதிதில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி நீச்சல் பழக்கிவிட்டவர் புருஷன் சிவனாண்டிதான். அவள் நீந்தி முடிக்கும்வரை துண்டோடு மேலே நிற்பார். "ஏட்டி, உதடு நீலம் பாரிச்சிட்டு, ஏறி வா!" என்று அவர் அதட்டினால்தான் ஏறுவாள்.

இந்த ஆவணியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"இந்தக் குளிருல கெணறு எதுக்கும்மா?" என்று மகள் செல்வமாரி சண்டை பிடித்தாள்.

"தண்ணிக்குள்ள கெடந்தாத்தான் நெஞ்சு ஆறுது, தாயி."

இன்றும் இறங்கினாள். கைகால் மரத்துப்போயும் நீந்திக்கொண்டே இருந்தாள். தன் உதட்டின் நிறம் தனக்கெப்படித் தெரியும்? பல் கிட்டியபோது மேலே நிமிர்ந்து, "ஏறட்டா?" என்று கேட்டாள்.

படிக்கல்லில் துண்டு மட்டும் கிடந்தது.